இத்தாலிக்காரியும் ராக்கியண்ணன் கல்யாணமும்

ஒதியங்குடிக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. ஒருத்தர் சொன்ன சொல்லை உயிர் போனாலும் மீற மாட்டார்கள். தொந்தரவே அதுதான்.

அந்த ஊர் ராக்கியண்ணனுக்கு முப்பத்தாறு வயதில் மூன்றாவது தடவையாகச் சம்பந்தம் கூடியது. முதல் சம்பந்தம், பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "நீங்கதான் தாத்தாங்களா?" என்று இவன் கேட்டதில் போச்சு. இரண்டாவது, "பஜ்ஜி ஆறிப்போச்சுங்க" என்றதில் போச்சு. இதுவும் போனால் காசிக்குப் போக வேண்டியதுதான் என்று அவனே மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான்.

அதனால் தாய்மாமன் நாச்சிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாப்ள, மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் நீ வாயே திறக்கப்படாது."

ராக்கியண்ணன் தலையை ஆட்டினான். அப்போதிருந்தே திறக்கவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மில் முதலாளி தன் காரைக் கொடுத்தார். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு இத்தாலியில் செய்த திறந்த கார். மிளகாய்ப்பழச் சிவப்பு. நாலு வருஷம் அதன் துருவைச் சுரண்டியது ராக்கியண்ணன் கைதான். அந்த நன்றிக்குத்தான் கொடுத்தார். மேலே இழுத்து மூடவும், பின்னால் மடக்கி வைக்கவும் ஒரு துணிக்கூரை உண்டு. அதுவும் போன வாரம்தான் இத்தாலியிலிருந்து கப்பலில் புதிதாக வந்தது.

"துணிக்கு ஒட்டின பசை இன்னும் காயலை. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஓட்டறவனைத் தவிர எவன் கையும் கார் மேல படக்கூடாது, பாலிஷ் போயிரும்" என்றார் முதலாளி.

"அவ்வளவுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தாலி ஏறியாக வேண்டும். கதவைத் தொடாமல், நாலு பேர் ராக்கியண்ணனைச் சாமி மாதிரி தூக்கி மேலேயிருந்து உள்ளே இறக்கினார்கள். நாச்சிமுத்து ஓட்டினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேளக்காரர்கள் டீக்கடையில் ஒதுங்கிவிட்டார்கள். இவர்கள் காரை நிறுத்தி யோசித்தார்கள்.

"கூரையை மூடலாங்களா?" என்றான் பங்காளி ஆறுச்சாமி.

"மூடினா கூரை நனையுமேப்பா."

"மூடலைன்னா மாப்ள நனைவானே."

நாச்சிமுத்து மீசையைத் தடவினார். "மாப்ள எந்த ஊரு?"

"நம்மூருதான்."

"கூரை?"

"இத்தாலிங்க."

"அப்புறமென்ன. வந்த விருந்தாளியை நனைய விட்டுட்டு நாம காய்ஞ்சு நிக்கறதா?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. இருந்த ஒரே குடையை ராக்கியண்ணனிடம் கொடுத்தார்கள். அவன் பின்னால் திரும்பி, மடக்கிய துணிமேல் குடையைப் பிடித்தபடி தான் நனைந்தான்.

கார் நிரம்பியது. கதவுக்கெல்லாம் புது ரப்பர். சொட்டு வெளியே போகவில்லை. இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் இன்ஜின் விக்கி நின்றது.

"என்ன வேலைப்பாடு பாருங்க. ஒழுகவே இல்லை" என்று ஆறுச்சாமி மெச்சினான். "கதவைத் திறந்து விட்டுரலாங்களா?"

"தண்ணியோட மாப்ளையும் போயிட்டான்னா?"

ஓடாத வண்டிக்கு ஓட்டுகிறவன் எதுக்கு என்று நாச்சிமுத்தும் எகிறிக் குதித்து இறங்கினார். தள்ளத்தான் வேண்டும். கை படக்கூடாது. முதுகைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் காரின் பின்புறத்தில் முதுகை முட்டுக்கொடுத்து, வந்த வழியைப் பார்த்தபடி தள்ளினார்கள்.

மண்டபம் வந்தது. வாழைமரம், ஆரத்தித் தட்டு, பெண்ணின் அப்பா சென்னியப்பன், எல்லாம் ராக்கியண்ணன் கண்ணுக்கு நேரே வந்து, நேரே போனது. அது தன் மண்டபம்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இன்னும் மண்டபம் போய்ச் சேரவில்லையே, வாயை எப்படித் திறப்பான்?

"மாமா, ஒரு மண்டபம் நம்மளை விட்டுத் தூரமாப் போகுதுங்க" என்றான் ஆறுச்சாமி.

"அது வேற கல்யாணமா இருக்கும். நம்ம மண்டபம் வந்திருந்தா மாப்ள வாயைத் திறந்திருப்பான்ல. தள்ளு."

"அங்கிருந்து கூட்டமா ஓடி வர்றாங்க. பொண்ணு கூட ஓடி வருது."

"பாவம், அவங்க மாப்ளையும் தொலைஞ்சு போயிட்டான் போல."

சாத்தியிருந்த ரயில்வே கேட்டில்தான் கார் நின்றது. மணி பத்து இருபது. மூச்சு வாங்க வந்த சென்னியப்பன், "ஏன் மாப்ள, மண்டபத்தைத் தாண்டறப்ப ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?" என்றார்.

ராக்கியண்ணன் பேசாமல் தலை குனிந்தான். சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. "இப்படி ஒரு அடக்கம் எங்கே கிடைக்கும்?"

"நேரமாகுதுங்க" என்று ஐயர் பறந்தார். பெண்ணையும் தூக்கித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். தாலி கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் குடை. ராக்கியண்ணன் விழித்தான்.

மணப்பெண் பாவாயி விவரம் கேட்டாள். சொன்னார்கள். "அதுக்கென்னங்க, இப்படிக் குடுங்க" என்று குடையை வாங்கி, துணி நனையாமல் தானே பிடித்துக்கொண்டாள். தாலி ஏறியது. இப்படிப் பொருத்தம் ஆயிரத்தில் ஒன்று என்று ஒதியங்குடியே சொன்னது.

அப்போதுதான் முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். தன் காரில் ஒரு கல்யாணம் மிதப்பதைப் பார்த்தார்.

"துணியில ஒரு சொட்டுப் படலைங்க. ஒரு கை படலைங்க" என்றார் நாச்சிமுத்து பெருமையாக.

முதலாளி அப்படியே மயங்கிச் சாய்ந்தார்.

"தண்ணி, தண்ணி" என்று ஆளாளுக்குத் தேடினார்கள். நல்லவேளை, காரில் நிறைய இருந்தது. ஆறுச்சாமி ஒரு சொம்பை விட்டு மொண்டான்.

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாவாயி குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள்.

"பார்த்துத் தெளிங்கண்ணா. துணியில பட்டா முதலாளிக்கு மனசு தாங்காது."