பீர் சாலை தெரியும் ஜன்னல்

இப்போது செக் நாடு என்கிறார்களே, அங்கே ஸ்லாதவா என்று ஓர் ஊர். இடுப்பில் கட்டிய துண்டு மாதிரி நதி ஊரைச் சுற்றி ஓடும். மேலே பாறை. பாறையோடு ஒட்டிக் கோட்டை. அதை ஆண்ட யாரோமிர் பிரபுவுக்கு ஒரே குறை. விருந்து மண்டபத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பாறை. ஜன்னல் வைக்க வழியில்லை.

சித்திரக்காரனை வரவழைத்தார். அவன் சுவரிலேயே ஜன்னல்களை வரைந்துவிட்டான். ஒன்றில் மாதாகோயில் மணிக்கூண்டு, ஒன்றில் கல்பாலம், ஒன்றில் பீர் காய்ச்சும் சாலையும் அதன் புகையும். அச்சு அசல். உள்ளே வந்த புறாவே முட்டிக்கொண்டு விழுந்தது என்றால் பாருங்கள். பிரபுவுக்குத் தலைகால் புரியவில்லை. இவற்றை ஜன்னல் இல்லை என்று எவன் சொன்னாலும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்படுவான் என்று ஆணை போட்டார். கழு, கசை எல்லாம் அந்த ஊரில் கிடையாது. தண்டனை என்றால் ஜன்னல்தான்.

அரண்மனை விதூஷகன் வாவ்ராவை அமைச்சர் ரதிபோருக்குக் கண்டாலே ஆகாது. ஒரு விருந்தில், மணிக்கூண்டைப் பார்த்து நேரம் சொல்லேன் என்று தூண்டில் போட்டார். வாவ்ரா நாலு கோப்பை பீர் குடித்திருந்தான்.

"நேற்றும் பன்னிரண்டு, இன்றும் பன்னிரண்டு. படத்தில் முள் எப்படி ஐயா நகரும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் காவலர்கள் இருவர் அவனைத் தூக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து நிஜ ஜன்னல்களுக்குக் கீழே அதலபாதாளம்.

எந்த ஜன்னல் என்று கேட்டார்கள். எறியப்படுகிறவன் இஷ்டத்துக்கு விடுவது அவ்வூர் மரியாதை.

வாவ்ரா ஒரு மூச்சு இழுத்துவிட்டான். "பீர் சாலை தெரிகிறதே, அது. வாசனையோடு போய்ச் சேர்கிறேன்."

காவலர்கள் சுவர் முன்னால் போய் நின்றார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். இது ஜன்னல் இல்லையே என்று வாய் திறந்தால் அடுத்து எறியப்படுவது அவர்கள்தான். ரதிபோருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் திறக்கிறேன் என்று பாய்ந்து வந்தார். தாழ்ப்பாளைப் பிடிக்கப் போனார். பிடிக்க ஒன்றும் இல்லை. பிறாண்டினார். நகத்தில் பழுப்பு வர்ணம் ஏறியது. துருப்பிடித்திருக்கிறது போல என்று முனகி, எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

பிரபுவின் வாத்துக்கறி ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எதைய்யா திறக்கிறீர்? அது வெறும் சுவர்."

காவலர்கள் வாவ்ராவை மெல்லக் கீழே இறக்கினார்கள். அவன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, பிரபுவின் முன்னால் இடுப்பு வளைய வணங்கினான்.

"பிரபு, தங்களுக்கு எந்த ஜன்னல்?"

பிரபு முறைத்தார். மீசை துடித்தது. அப்புறம் மேசை ஆடும்படி சிரித்தார். ஆணை அங்கேயே ரத்து. வாவ்ராவுக்கு ஒரு பீப்பாய் பீர். அமைச்சருக்கு ஒரு தூரிகை; பிறாண்டிய தாழ்ப்பாளை அவரே வரைந்து தர வேண்டுமாம்.