ஆணழகன் போட்ட போஸ்

“எம் மகள நான் ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்ல டீச்சர். ஆனா அவ என்னக் கண்டா பயப்படுதா” என்றார் தங்கப்பழம்.

எஸ்தர் அவரைவிட இருபது வயது இளையவள். தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பேச்சில்லாமல் உடம்பாலேயே கதை சொல்லும் நிகழ்த்துகலையைச் சொல்லிக்கொடுத்தாள். தங்கப்பழம் ஒரு காலத்து மாவட்ட ஆணழகன். இந்த வயதிலும் சட்டையின் மேல் பட்டனைப் போடுவது அவருக்குப் பெரும்பாவம். தன் உடம்பின் கதையை மேடையில் காட்ட வேண்டும் என்றுதான் அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

“இப்போ என்ன ஆச்சு அண்ணாச்சி?”

பிரசவத்துக்கு வந்த மகள் கைப்பிள்ளையோடு இன்னும் வீட்டில்தான் இருந்தாள். நேற்று பேரனை வாங்க இவர் கையை நீட்டினாராம். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டாளாம்.

“அவ சின்னப்புள்ளையா இருக்கையில அவகிட்ட எப்படி வெளயாடுவிய?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்சத் தெரியாதாம். அதெல்லாம் பொம்பளைகள் வேலை என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். ஜிம்மிலிருந்து வந்ததும் வாசலில் நின்று, தனக்குக் கப் வாங்கித்தந்த போஸை மகளுக்கென்றே போட்டுக் காட்டுவாராம். ஊரே கைதட்டிய போஸ். பிள்ளைக்குக் கொடுக்க, பாவம், அவரிடம் அதைவிடப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

“போட்டுக் காட்டுங்க.”

சொல்லிவிட்டு எஸ்தர் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவள் தலை அவர் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

தங்கப்பழம் சட்டையைக் கழற்றினார். மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தார். பல்லைக் கடித்து, இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேல் ஓங்கி, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார்.

எஸ்தரின் கை சட்டென்று எழுந்து அவள் முகத்தை மறைத்தது.

தங்கப்பழம் கைகளை இறக்கினார். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நடிச்சியளா டீச்சர்?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் சொன்னார்.

“அவ கதவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிடுவா. வெளயாடுதான்னு நெனச்சு, தேடிப் போயித் திரும்பவும் போட்டுக் காட்டுவேன்.”