கை பட்டால் இரையும் கித்தார்

மார்த்தாண்டத்தில் பியூலா என்பவர் பேஸ் கித்தார் சொல்லிக்கொடுத்து வந்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவரான தங்கையன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதில் பியூலாவைவிட வெகுவாக மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பியூலா அவரை அண்ணே என்பார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை தங்கையன் கித்தாரோடு வந்தார். அது பியூலா அவருக்குக் கொடுத்திருந்த பழைய கித்தார். பாடத்துக்கு வரவில்லை, இதைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றார்.

உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று பியூலா கேட்டார்.

தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் துருப்பிடித்துப் போயிருந்தது. தங்கையன் புதிது வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். ஒயரை மாற்றினார். தந்திகளை மாற்றினார். திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். போகவில்லை. தேவாலயத்தில் நடந்த போன ஒத்திகையில் பாடகர் குழுத் தலைவர் அவரைத் தனியே அழைத்து, ஈஸ்டர் ஆராதனையில் வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்று தணிவாகக் கேட்டாராம்.

"தந்தியில கை வச்சா கூடுது, எடுத்தா குறையுது," என்றார் தங்கையன். "என் கையை அதுக்குப் பிடிக்கல, டீச்சர்."

பியூலா பிளக்கில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கித்தாரை ஸ்பீக்கரில் இணைத்து அவர் மடியில் வைத்தார். அறை இரைந்தது. தங்கையன் தந்தியில் கை வைத்தார். இரைச்சல் ஏறியது. அவர் தலை குனிந்துகொண்டார்.

"கையை எடுக்காதீங்க. மற்றக் கையால, ஒயர் சொருகுற இடத்துல இருக்கிற உலோகத்தைத் தொடுங்க."

தொட்டார்.

இரைச்சல் நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைப்பது கேட்டது.

விரலை எடுத்தார், வந்தது. வைத்தார், போனது. மறுபடியும் எடுத்து, மறுபடியும் வைத்தார். வாழ்நாளெல்லாம் எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், தன் இரண்டு கைகளுக்கு நடுவே நின்ற அந்த அமைதி கலைந்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் கித்தாரைக் கொடுத்தார். பியூலா பிரிட்ஜைக் கழற்றினார். அதன் அடியில், மரத்திலிருந்த சின்னத் துளைக்குள் மெல்லிய கம்பியொன்று மடங்கிக் கிடந்தது.

அதை உள்ளே தள்ளியது தான்தான் என்றார் தங்கையன். அதன் நுனி எதோடும் சேர்ந்திருக்கவில்லை, அதிலிருந்து சத்தமும் வரவில்லை, அதனால் வேண்டாதது என்று நினைத்துவிட்டாராம்.

பியூலா, உள்ளே ஒயர் சொருகும் உலோகம்வரை போகும் அந்தக் கம்பியை வெளியே இழுத்து, அதன் நுனி புதிய பிரிட்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து முடுக்கினார். தந்திகளைக் கட்டிக் கித்தாரை நீட்டினார்.

தங்கையன் கனத்த தந்தியை ஒரே ஒரு முறை மீட்டினார். அந்தச் சுரம் தரையில் இறங்கி அவர் உள்ளங்கால் வழியே ஏறியது. பிறகு தானாக அடங்கியது. இரைச்சல் வரவேயில்லை.

மாலை ஒத்திகைக்குப் போவதாகச் சொல்லிக் கித்தாரை உறையில் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அவ்வளவு இரைச்சலும் எங்க போச்சு, டீச்சர்?"

"மண்ணுக்குத்தான். முதல்ல உங்க வழியாப் போச்சு. இப்ப அந்தக் கம்பி வழியாப் போகுது."

"நான் ஒண்ணுமே செய்யலையே?"

"கம்பியும் ஒண்ணும் செய்யல, அண்ணே."