கரடி செய்த நீராவி ஏற்றம்

காட்டுச் சுனையோரம் வளை தோண்டி வாழ்ந்து வந்தது ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் சிலுப்பி. ஓர் ஐப்பசி மழையில், சிலுப்பி இரை தேடப் போயிருந்த நேரம், சுனை உடைத்துக்கொண்டு வளைக்குள் பாய்ந்தது. இரண்டு குட்டிகளும் உள்ளே மேட்டறையில் மாட்டிக்கொண்டன. வாசல் முழுக்கத் தண்ணீர். மேலே பாறை, தோண்டவும் முடியாது.

சிலுப்பியின் கூப்பாடு கேட்டு ஓடி வந்தது புங்கன் என்ற கரடி. பாழடைந்த சத்திரத்திலிருந்து பெரிய செப்பு அண்டாவைத் தூக்கி வந்து, நீராவியால் ஏற்றம் இறைக்கப் போகிறேன் என்று மூன்று வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கரடி அது. கிறுக்கு என்று காடே கேலி பேசும். அன்றைக்கு அதே அண்டாவை உருட்டி வந்து, ஏற்றமரத்தோடு பூட்டித் தீ மூட்டியது. ஆவி முட்டித் தள்ள, ஏற்றமரம் மேலும் கீழும் ஆடியது. சால் சாலாகத் தண்ணீர் வெளியே கொட்டியது. யானை இறைத்தாலும் இவ்வளவு வராது! சிலுப்பி வாயைப் பிளந்து நின்றது.

அண்டா மூடியில் ஒரு துளை, அதன்மேல் ஒரு கூழாங்கல். ஆவி மிஞ்சும்போதெல்லாம் கல் துள்ளும், புஸ்ஸென்று ஆவி வெளியேறும்.

"அதை மட்டும் தொட்டுடாத, தங்கச்சி. அண்டா மூச்சு விடுற வழி அது" என்று சொல்லிவிட்டு விறகு கொண்டுவரப் போனது புங்கன்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. வாசலின் மேல்விளிம்பு தெரிந்தது. குட்டிகள் முனகுவதும் கேட்டது. இன்னும் ஒரு முழம் இறங்கினால் போதும்.

ஆனால் சிலுப்பியின் கண் அந்தத் துளைமேலேயே இருந்தது. ஒழுகுகிற ஓட்டையைக் கண்டால் களிமண் அப்பி அடைப்பது முள்ளம்பன்றிகளின் பழக்கம். அடைக்காவிட்டால் அவற்றுக்குக் கை சும்மா இருக்காது. இத்தனை பலமும் வீணாய்ப் போகிறதே, இதுவும் ஏற்றத்துக்குப் போனால் குட்டிகள் இப்போதே வெளியே வந்துவிடுமே என்று அதற்கு வயிறு எரிந்தது. பக்கத்துப் பாறையில் ஏறி, துளைமேல் களிமண்ணை அப்பியது. போதாதென்று ஒரு பெரிய கல்லையும் உருட்டி வைத்தது.

ஏற்றம் வேகமெடுத்தது. சிலுப்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுகணம் இடி விழுந்தது போல அண்டா வெடித்தது! ஏற்றமரம் சுக்குநூறானது. புதரில் போய் விழுந்த சிலுப்பி தட்டுத்தடுமாறி எழுந்தபோது, தண்ணீர் மறுபடி வாசலை மூடி, முன்னைவிட மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் காது இரண்டும் அடைத்துப் போயிருந்தன. விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்த புங்கன், வெறுங்கையால் வாரி வாரி இறைத்துப் பார்த்தது. பிறகு பாறையில் காதை வைத்தது.

"பிள்ளைங்க கூப்பிடுதாண்ணே? எனக்குக் கேக்கல, நீ சொல்லுண்ணே" என்று கதறியது சிலுப்பி.

புங்கன் வெகுநேரம் காதை எடுக்கவில்லை. எடுத்தபோது, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தது.

பலம் இன்னும் அதிகமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அது மிஞ்சும்போது வெளியேற விட்டிருக்கும் வழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது.