தட்டச்சு வகுப்பின் பச்சைத் திரை

சுவரைத் திரை கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாதக் காலையில். அப்போது திரை புதுத் துணி. மடிப்புக்கூடக் கலையாமல் ஸ்டூலின்மேல் கிடந்தது. சுவர் பாதி இடிந்து இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருந்தது.

சின்ன ஊரின் தட்டச்சு வகுப்பு அது. சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள், அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள். வகுப்பைப் புதிதாக எடுத்து நடத்த வந்த சிங்காரம் மாஸ்டர், காற்றே வரவில்லை என்று சொல்லி, சுவரை இடித்துவிட்டுத் திரை கட்ட ஏற்பாடு செய்திருந்தார்.

“உன்னை நம்பியா வயசுப் பிள்ளைகளை விடப்போகிறார்கள்?” என்றது சுவர். “ஊதினால் பறப்பாய். காலம் கெட்டுத்தான் போச்சு.”

திரைக்கு ரோஷம் வந்துவிட்டது. “உன் காலத்துப் பிள்ளைகள் மட்டும் ரொம்ப யோக்கியமோ?”

“குனிந்த தலை நிமிரமாட்டார்கள், தெரியுமா?” என்று சொன்ன சுவர், சுண்ணாம்பு உதிரக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. “அதனால்தான் துளையை மேஜை உயரத்தில் போட்டார்கள்.”

“துளையா!”

“சாகப்போகிறேன், இனி மறைத்து என்ன? சுண்டுவிரல் நுழைகிற துளை. ஒரு நாள் அதன் வழியாக ஒரு சீட்டு போனது. ‘நாளைக்குப் பரீட்சை. கை நடுங்கினால் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடியுங்கள்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தது. பழைய மாஸ்டர் கையில் சிக்கிவிட்டது. மரகதம் என்ற பெண்ணை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பரீட்சையும் போச்சு, படிப்பும் போச்சு. எழுதின பயல் இந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடியே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தான். அவன் யாரென்றால்...”

கடப்பாரை இறங்கியது. அதோடு சுவர் இல்லை.

பதினேழு வருஷம் ஓடியது. திரைக்கும் வயசாயிற்று. சாயம் வெளுத்தது, பேச்சு மட்டும் கூடியது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சமே இல்லை” என்று அது தினமும் ஆரம்பிக்கும். “என்னைத் தாண்டிக் கத்திச் சந்தேகம் கேட்கிறதென்ன, சிரிக்கிறதென்ன! எங்கே போய் முடியப்போகிறதோ!”

“சுவரும் இதையேதான் சொல்லும், ஒரு வார்த்தை மாறாமல்” என்றது மூன்றாம் நம்பர் மெஷின். அது சுவர் காலத்து ஆள்.

“உனக்கு ஒரு ‘ழ’ ஒழுங்காக விழாது. நீ பேசாதே!”

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்றாம் நம்பரில் பூங்கோதை அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பரீட்சை தேறினால் வேலை, தேறாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விட வந்தவர், அடியில் செருகியிருந்த சீட்டை எடுத்துப் பிரித்தார்.

‘என்னைவிட வேகமாக அடிக்கிறீர்கள். சத்தத்திலேயே தெரிகிறது. பாஸ் பண்ணாமல் விடாதீர்கள்.’

“யாரும்மா எழுதினது?”

பூங்கோதை மெஷினில் இருந்த தாளை நேராக்கினாள்.

“சொல்லலைன்னா ஹால் டிக்கெட் கிடையாது. எடு பையை, கிளம்பு.”

திரை துள்ளியது. “மாட்டிக்கிட்டாங்க! நான் சொன்னேனா இல்லையா! எழுதின பயல் இனி தலையைத் தூக்கமாட்டான், பார்த்துக்கொண்டே இரு. டக்டக்கென்று அடித்துக்கொண்டுதான் இருப்பான்.”

“எங்கே, சத்தத்தையே காணோமே?” என்றது மூன்றாம் நம்பர்.

ஆண்கள் பக்கம் ஒரு மெஷின் நின்றிருந்தது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. திரையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. வளையங்கள் கம்பியில் சர்ரென்று ஓடின. பதினேழு வருஷத்தில் ஒரு மாணவன்கூடத் திரையை அப்படித் திறந்ததில்லை.

“நான்தான் சார்” என்றான் ஞானதுரை.

“என்னடா நான்தான்?”

“எழுதினது. கீழே பேர் போட மறந்துட்டேன், அவ்வளவுதான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. அவங்க என்ன செஞ்சாங்க?”

“எங்களையும் அனுப்புங்க சார்” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “அந்தச் சீட்டை நாங்க எல்லாருமே படிச்சாச்சு!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. “பயமா இல்லையாடா உனக்கு?” என்று கேட்டார். அதட்டலாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“இல்லாம என்ன சார்? காலைப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு.”

“ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசுங்க” என்றாள் பூங்கோதை.

மாஸ்டர் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி சாய்ந்து மேஜையில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“உட்காரும்மா. ஹால் டிக்கெட் ரெண்டு பேருக்கும் உண்டு.”

திரை பதறியது. “மாஸ்டர், என்ன இது! ஒரு அதட்டுப் போடுங்கள்!”

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே ஏறினார். ஒவ்வொரு வளையமாகக் கழற்றினார். அவர் முகம் துணியை ஒட்டி வந்தது.

“அவ பேரு மரகதம்” என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில். “நான் தலையைத் தூக்கவே இல்லை.”

சுவர் பாதியில் விட்டுப்போன பேச்சு அப்போதுதான் முடிந்தது. கடைசி வளையமும் கழன்று திரை தொப்பென்று விழுந்தது.

அவ்வளவுதான், காற்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்ந்தது! மேஜைமேல் இருந்த தாள்களெல்லாம் எழும்பிப் பறந்தன. “பிடி, பிடி!” என்று பிள்ளைகள் மொத்தமும் கத்திக்கொண்டு ஓடினார்கள். யார் தாள் யார் கையில் என்று தெரியவில்லை. மூன்றாம் நம்பர் மெஷின் தன் மணியைத் தானே அடித்துக்கொண்டது. தரையில் கிடந்த திரையும் ஒரு முனையைத் தூக்கிப் படபடவென்று அடித்தது.

அந்தத் துணியை வெட்டிப் பத்து மெஷின்களுக்கும் உறை தைத்தார்கள். சுவர் நின்ற இடத்தில், தரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டின் நிறம் வேறாக இருக்கிறது.