கதவைத் தட்டும் நாள்

தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயம் ஆவுடையம்மாளுக்குத் தமிழிலேயே உண்டு. கடைக்கு உளுந்து வாங்கப் போனாலும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் என்றால் சொல்லவே வேண்டாம்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் மௌனம் இருக்க வரும் பெண்களைக் கவனிப்பது அவள் பொறுப்பு. வருகிறவர்கள் போனையும் கைக்கடிகாரத்தையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, காலண்டர் இல்லாத கல் அறைக்குள் போய்விடுவார்கள். சாப்பாடு வாசலில் வைக்கப்படும். யாரும் பேசக் கூடாது. என்றைக்கு வெளியே வர வேண்டும் என்பதை ஆவுடையம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். அன்றைக்கு அவள் போய்த் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவர்களுக்குத் தேதியும் இல்லை, கிழமையும் இல்லை.

இங்ரிட் என்ற வெள்ளைக்கார அம்மாளும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். ஆவுடையம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஏதோ ஒரு நாளைச் சொல்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. எந்த நாள் என்று புரியவில்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் கிழமையைக் கேட்க ஒரு மாதிரி, தேதியைக் கேட்க வேறு மாதிரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாற்றிக் கேட்டு, அந்த அம்மாள் சிரித்துவிட்டால்?

ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள். "எஸ், எஸ்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடியும்போது, இன்றைக்கோ என்று தோன்றும். பொழுது சாயும்போது, நேற்றே போய்விட்டதோ என்று தோன்றும்.

ஒருநாள் காலையில் கார் ஓட்டும் மைதீன் காய்கறி மூட்டையை இறக்கிவிட்டு, சமையல்கட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அந்த இங்ரிட் அம்மாவை என்னைக்கு ஏர்போர்ட்டுல விடணும்?"

"ஏன் கேக்கே?"

"வரும்போது வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாங்க. மகளுக்கு நெஞ்சுல ஆபரேஷனாம். கத்தி வைக்கிறதுக்கு முன்னால போய்ப் பக்கத்துல நிக்கணுமாம். அதுவரைக்கும் இங்க உக்காந்து கும்பிடப்போறேன்னாங்க. தேதியை உங்ககிட்டச் சொல்லிருதேன்னாங்களே. சொல்லலியா?"

"சொன்னாங்க."

"என்னைக்கு?"

மைதீன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பூம்பூம் மாடு மாதிரி மண்டையை ஆட்டிட்டு வந்துட்டீங்களாக்கா?"

டிக்கெட் அந்த அம்மாளின் போனுக்குள் இருந்தது. போனைத் திறக்கும் எண் அந்த அம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, ஆசிரமத்தை நடத்தும் சாமி சமையல்கட்டுக்குள் வந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தேசம் தேசமாக வருகிற ஆட்களோடு சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவர். ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, நாளும் தேதியும் இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கணும்? தப்பில்லாமச் சொல்லித் தாங்க."

"கிழமைக்கு, வாட் டே. தேதிக்கு, வாட் டேட்."

"கிளம்புற தேதியைக் கேக்கணும்னா?"

"வாட் டேட் ஆர் யூ லீவிங்."

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டார். "இன்னொரு தடவை."

சொன்னாள்.

"இப்ப சரியா சாமி? நடுவுல 'ஆர்' தானே? 'இஸ்' இல்லையே?"

"இன்னொரு தடவை."

சொன்னாள். நாக்கு உலர்ந்தது. சாமி அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வாய்ல வந்தப்புறம் போய்க் கேக்கேன் சாமி. சாயங்காலத்துக்குள்ள வந்துரும். இல்லேன்னா நாளைக்கு..."

முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று சத்தம். தீய்ந்த வாடை. அவள் திரும்பினாள்.

"சாமி, பால்!"

முந்தானையால் பிடித்து இறக்குவதற்குள் பாதிப் பால் அடுப்பில் வழிந்துவிட்டது. கையில் சுட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"பாத்தேன்."

"பொங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொன்னா தப்பில்லாம இருக்கும்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன், அக்கா."

ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள். வழிந்த பாலைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய தினக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கல் அறை வாசலில் கை தயங்கியது. நாள் வராமல் தட்டினால் அந்த அம்மாளின் மௌனம் கெடும். இத்தனை நாள் வேண்டுதலும் கெடும். நாள் போன பிறகு தட்டினால்?

தட்டினாள்.

கதவு திறந்தது. இங்ரிட்டின் தோளில் பை இருந்தது. என்றைக்குத் தட்டினாலும் புறப்படத் தயாராக, கட்டி வைத்தபடியே இருந்திருக்க வேண்டும்.

"யூ... கோ... டே? டேட்?" காலண்டரை அந்த அம்மாளின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள் ஆவுடையம்மாள். படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இங்ரிட் சிரிக்கவில்லை. விரல் காலண்டருக்கு வந்தது. தாளைப் புரட்டும் என்று ஆவுடையம்மாள் காத்திருந்தாள். விரல் புரட்டவில்லை. மேல் தாளிலேயே நின்றது.

காலையில் நேற்றைய தாளை அவளே கிழித்தபோது மேலே வந்த இன்றைய தாள்.

"மைதீனே, வண்டி!"

மலை எதிரொலித்தது.

இருட்டும் நேரத்தில் மைதீன் திரும்பி வந்தான். "ஏர்போர்ட் வாசல்ல நிக்கிற போலீஸ்காரர் கடிகாரத்தைப் பாத்துட்டு ஓடு ஓடுன்னார். ஏறிட்டாங்கக்கா" என்றான். அப்போதுதான் ஆவுடையம்மாள் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுச் சாமியிடம் போனாள்.

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே. நீங்களே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாமே?"

"தலையை ஆட்டினது நீங்கதானே, அக்கா."



அடுத்து மௌனம் இருக்க வந்தவள் ஒரு ஜப்பான்காரி. அவளும் குனிந்து, மெதுவாக, ஒரு நாளைச் சொன்னாள். ஆவுடையம்மாளின் கழுத்து தானாக ஆடப் பார்த்தது. ஒரு கையால் மோவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் காலண்டரை நீட்டினாள்.

"வாட் டே? வாட் டேட்?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்டாள்.