அவள் எழுதியது மட்டும்

குரு துவைத்த துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. தணிகாசலம் கிளிப் டப்பாவைப் பிடித்தபடி அருகில் நின்றார்.

சீடருக்கு அறுபதை நெருங்கும் வயது. குரு அவரைவிட மிகவும் இளையவர். சனிக்கிழமைதோறும் தணிகாசலம் வருவார், ஓரமாக உட்கார்ந்திருப்பார், எழுந்து போய்விடுவார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவருக்கு மௌனம் கைகூடிவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். குரு அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

அன்று தணிகாசலம், "அம்மா, ஒரு கேள்வி" என்றார்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்தாள். "மீன்காரர் வாயைத் திறந்துட்டாரு! துணியெல்லாம் உள்ள எடுங்கம்மா, மழை வரப்போகுது."

"நீ பெருக்கு" என்றார் குரு. பிறகு தணிகாசலத்திடம், "கேளுங்க."

"எனக்குப் பதிலா வேற ஒண்ணு பேசி, அதைக் கேட்டு ஒருத்தி திரும்பி வந்தா, அவ யாரைப் பார்க்க வர்றா?"

"சுத்தி வளைக்காதீங்க. என்ன நடந்தது?"

தணிகாசலம் சொன்னார்.

கொளத்தூரில் தன் வீட்டு மொட்டை மாடியில் அவர் ஃபைட்டர் மீன் வளர்க்கிறார். சேர்த்து விட்டால் சண்டை போடும் என்பதால் ஆளுக்கொரு பாட்டிலில் தனித்தனியாக வாழும் மீன்கள். வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறார். வேலைக்கு ஆள் இல்லை. வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி செண்பகம் இறந்துவிட்டாள். அவள் போன பிறகு அவர் வீட்டில் பேசவேயில்லை. மகள் வினோதினி அழுதபோதெல்லாம் மாடிக்குப் போய்த் தண்ணீர் மாற்றினார். ஒரு நாள் அவள் ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போனாள். முதலில் போன் வந்தது. பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

போன வருடம் கடைக்கு ஒரு ஏஐ வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்களுக்கு அதுதான் பதில் எழுதும், பில் போடும், முகவரிச் சீட்டு அச்சடிக்கும். ஒட்டுவது மட்டும் அவர்.

"ஓசூர்ல ஒரு பொண்ணு ஒரு நீல மீன் வாங்கினா. அதுக்கப்புறம் மீனுக்கு உடம்பு சரியில்லன்னு அடிக்கடி எழுதினா. அதுவும் பதில் எழுதிக்கிட்டே இருந்தது. நான் பார்க்கல. நேத்து அந்தப் பொண்ணு, 'அப்பா, நான் வினோ. சிநேகிதி பேர்ல வாங்கினேன். வீட்ல இருந்தப்ப நீங்க இவ்வளவு பேசினதே இல்ல. வந்து பார்க்கட்டுமா'ன்னு கேட்டிருக்கா."

"அது என்ன சொல்லுச்சு?"

தணிகாசலம் போனைப் பார்த்துப் படித்தார். "'தாராளமா வாங்கம்மா, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க. ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் கடை திறந்திருக்கும்.'"

அம்சவேணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அதுக்கு அவ, 'சிரிச்சிட்டேன்பா. பத்து மணிக்கே வந்துடறேன்'னு எழுதியிருக்கா." அவர் போனைத் தாழ்த்தினார். "நாளைக்கு வர்றாம்மா. பேசினது நான் இல்லன்னு சொன்னா வாசல்லயே திரும்பிடுவா. சொல்லலன்னா, அவ தேடி வர்ற ஆள் வீட்ல இல்ல."

குரு ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டார்.

"எப்படிப் பேசணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான்."

"என்னன்னு?"

"அவசரப்படாதே, அக்கறையா விசாரி, மீன் சாப்பிட்டுச்சான்னு முதல்ல கேளுன்னு. அப்பதான் மறுபடி வாங்க வருவாங்க."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு."

தணிகாசலம் தலை குனிந்தார். "நேத்திலிருந்து அது எழுதினதையே படிச்சிட்டிருக்கேன்மா. எவ்வளவு அழகா பேசியிருக்கு. நானும் அப்படிப் பேச மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன். வரல. அதை நிறுத்திடட்டுமா?"

"எதுக்கு? மீனுக்கு நல்லாத்தானே வைத்தியம் பார்த்திருக்கு." குரு கைகளைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து படிங்க. அது எழுதினது வேணாம். அவ எழுதினது மட்டும்."

தணிகாசலம் விரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு தட்டுத் தடுமாறிப் படிக்கத் தொடங்கினார்.

"'மீன் வந்து சேர்ந்தது. உயிரோட இருக்கு.'

"'சாப்பிட மாட்டேங்குது.'

"'ஓரமா போய் நின்னுக்குது. கிட்டப் போனா திரும்பிக்குது.'

"'என் மேல கோபமா இருக்கும்போல.'

"'தனியா இருந்தா எல்லா மீனும் இப்படித்தான் ஆயிடுமா?'

"'நீங்க சொன்ன மாதிரி பாதாம் இலை போட்டேன். தண்ணி டீ மாதிரி ஆயிடுச்சு. அதுக்குப் பிடிச்சிருக்கு.'

"'இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டுச்சு. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்தது. அதான்.'"

அவர் நிறுத்தினார். கொடியில் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"இதையெல்லாம் நான் நேத்து படிக்கவே இல்ல" என்றார்.

"படிங்க."

"'உங்க வீட்டு மாடிப்படிக்கிட்ட ஊறுகாய் ஜாடியில ஒரு கறுப்பு மீன் இருக்குமே, விற்கிறதுக்கு இல்லன்னு சொல்லுவாங்களே. அது என்ன ஆச்சு?'"

"அது யாரோட மீன்?"

"செண்பகத்தோடது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வினோவும் அவளும் சேர்ந்துதான் தீனி போடுவாங்க."

"இதுக்கு என்ன பதில் போச்சு?"

தணிகாசலம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள நேரமானது.

"'கறுப்பு ஃபைட்டர் இப்போது இருப்பில் உள்ளது. படம் அனுப்பட்டுமா?'"

"அவ?"

"ரொம்ப நாள் ஒண்ணுமே எழுதல. அப்புறம் மறுபடி நீல மீனைப் பத்தித்தான்."

அம்சவேணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தணிகாசலம் போனை அணைத்து மடியில் வைத்தார். நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"அந்த மீன்… செண்பகத்தை எடுத்துட்டுப் போன அன்னைக்கு, எல்லாரும் கிளம்பின பிறகு, நான் மாடிப்படிக்கிட்ட வந்தேன். ஜாடியில அது…"

குரு கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருங்க. கேட்டவ நாளைக்குத்தான் வர்றா."